ஆளை விட்டுவிட்டுக் கையை எண்ணும் சொல்

1975 நவம்பர் 10ஆம் தேதி இரவு, வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் புயலில் சிக்கி மூழ்கியது. 222 மீட்டர் நீளக் கப்பல். வயிறு நிறைய இரும்புத் தாது உருண்டைகள். ஏரி என்று பெயரே தவிர, அங்கே அலை எழும்பினால் அது கடல்தான். கப்பலில் இருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இப்படிப்பட்ட விபத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் ஆகிவந்த ஒரு தொடர் இருக்கிறது: 'லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்'. எல்லாக் கைகளோடும் போயிற்று. கைகள் என்றால் கப்பலில் வேலை பார்த்தவர்கள்.

காப்பீட்டுப் பத்திரங்களையும் நீதிமன்றத் தாள்களையும் தமிழாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. வாய்க்குள் நுழையாத லத்தீன் சட்டச் சொற்களுக்கெல்லாம் அகராதியில் ஏதோ ஒரு வழி கிடைத்துவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த 'ஹேண்ட்' வந்து நின்றால்தான் பேனா நிற்கிறது. கை என்று எழுதினால் ஒரு பொருளும் வராது. ஆள் என்று எழுதினால் கை போய்விடும். அதனால் இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு தீராத குறுகுறுப்பு உண்டு. கடலிலிருந்தே தொடங்கலாம்.

பாய்மரக் காலத்தில் மாலுமிகளின் வேலையில் பாதி, கயிற்றைப் பிடிப்பதும் இழுப்பதும் கட்டுவதும்தான். பாய் கட்டும் குறுக்குமரத்தில், காலுக்கடியில் ஒற்றைக் கயிறு மட்டும் இருக்க, நனைந்து கனத்த துணியைச் சுருட்ட வேண்டும். அப்படி மேலே ஏறுகிறவனுக்குப் பழைய மாலுமிகள் சொல்லும் புத்திமதி: ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு. ஒரு கையால் கப்பலின் வேலையைச் செய், மறு கையால் உன் உயிரைப் பிடித்துக்கொள். காற்று முற்றினால் கப்பல் இரண்டு கைகளையும் கேட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கயிற்றில் கைமாற்றிக் கைமாற்றி விறுவிறுவென ஏறுவதற்கு இருந்த 'ஹேண்ட் ஓவர் ஹேண்ட்' என்ற தொடர், பிறகு 'ஹேண்ட் ஓவர் ஃபிஸ்ட்' ஆகி, கரை இறங்கி, பணம் கொட்டோ கொட்டென்று கொட்டுவதற்கான வழக்காகிவிட்டது. கயிற்றில் ஏறியவனுக்கும் அந்தப் பணத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பயணச்சீட்டு வாங்கி ஏறியவர் 'ஹேண்ட்' ஆக மாட்டார். வேலை இருந்தால்தான் கை. 'எல்லாக் கைகளும் மேல்தளத்துக்கு!' என்று ஆணை போகும்போது கப்டன் அந்தக் கணக்கில் சேர மாட்டார், ஆணையே அவருடையதுதானே. கப்பல் மூழ்கும்போது மட்டும் அவரும் ஒரு கையாகிவிடுகிறார். இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் போனவர்களுக்கோ வேறு பெயர், வேறு ஒப்பந்தம், குறைந்த சம்பளம். லஸ்கர்கள் என்று அவர்களைத் தனிக்கணக்கில் எழுதினார்கள். பாரசீகத்தில் படை என்று பொருள்படும் 'லஷ்கர்' என்பதிலிருந்து வந்த சொல் அது. நம் பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் பணியாளருக்கு லஸ்கர் என்ற பதவிப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; கப்பல் வற்றிய பிறகும் கால்வாயில் பெயர் தங்கிவிட்டது.

கரைக்கு வருவோம். பண்ணை வேலைக்காரர் 'ஃபார்ம்ஹேண்ட்'. கூலிக்கு வந்தவர் 'ஹயர்ட் ஹேண்ட்'. ஆலைகள் எழுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாக 'ஹேண்ட்ஸ்' ஆனார்கள். எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்று முதலாளிகள் கேட்டுக்கொள்வார்கள். கைகளுக்கு மேலே தலை உண்டு, தலைக்குள் யோசனை உண்டு என்பது அந்தக் கணக்கில் வராது. சார்லஸ் டிக்கன்ஸ் 1854இல் எழுதிய ஆலை நகரத்து நாவலில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குத்துவார்: கடற்கரையோரத்துக் கீழ்நிலை உயிர்களைப் போல, கடவுள் இவர்களை வெறும் கைகளாகவோ, கையும் வயிறுமாகவோ படைத்திருந்தால் சிலருக்கு இன்னும் பிடித்திருக்கும் என்று. கையும் வயிறுமாக என்ற இடத்தில்தான் அந்தக் கிண்டலின் கூர் இருக்கிறது. வயிறு இல்லாவிட்டால் கூலி கொடுக்க வேண்டிய தொல்லையே இல்லையே.

ஆடம் ஸ்மித்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 'கண்ணுக்குத் தெரியாத கை'யைச் சொல்லாமல் விடுவதில்லை. சந்தையைச் சரிசெய்யும் அந்தப் புகழ்பெற்ற கை, 1776இல் வெளிவந்த அவருடைய பெரிய பொருளாதார நூலில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதே நூலின் தொடக்க அத்தியாயத்தைப் புரட்டுங்கள். குண்டூசிப் பட்டறை ஒன்று இருக்கிறது. ஒருவன் கம்பியை இழுக்கிறான், ஒருவன் நிமிர்த்துகிறான், ஒருவன் வெட்டுகிறான், ஒருவன் கூராக்குகிறான், ஒருவன் தலை வைப்பதற்காக மறுமுனையைத் தேய்க்கிறான். சுமார் 18 வேலைகள். சில பட்டறைகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிக் 'கை' என்கிறார் ஸ்மித். அவர் பார்த்த சிறிய பட்டறையில் பத்துப் பேர் சேர்ந்து நாளொன்றுக்கு 48,000 ஊசி. கண்ணுக்குத் தெரிந்த கைகள் புத்தகத்தின் வாசலிலேயே வரிசையில் நிற்கின்றன. உலகம் மேற்கோள் காட்டுவதோ தெரியாத அந்த ஒன்றை.

'மேனுஃபாக்ச்சர்' என்பதில் உள்ள 'மேனு' லத்தீன் கை. கையால் செய்வது என்று பொருள்பட்ட சொல், இன்று கைபடாமல் இயந்திரம் செய்வதற்குப் பெயர். கையால்தான் செய்தது என்று சொல்ல வேண்டுமானால் 'ஹேண்ட்மேட்' என்று இன்னொரு கையைக் கடன் வாங்கி ஒட்ட வேண்டியிருக்கிறது. தறிக்கும் இதே கதைதான். எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கும் காலம்வரை தறி என்றால் தறி. அதற்கு முன்னால் கை என்று போட்டுச் சொல்லும் அவசியம் யாருக்கும் இருந்திருக்காது. இயந்திரம் வந்த பிறகுதான் 'ஹேண்ட்லூம்'. நம்மிடமும் தறி கைத்தறி ஆனது விசைத்தறிக்குப் பின்புதான்.

கைத்தறி என்கிறோமே, அந்தப் பெயர் முழு உண்மையும் அல்ல. சென்னிமலைப் பக்கம் குழித்தறி ஓடும் வீட்டில் ஓர் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். இடுப்புக்குக் கீழே குழி. குழிக்குள் கால்கள் மாறி மாறி மிதியை அழுத்த, விழுது ஏறி இறங்கி, நீளவாட்டு நூலான பாவு இரண்டாகப் பிளந்து வாய் திறக்கும். வலக்கை கயிற்றைச் சுண்டும். நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கு நூலான ஊடையை இழுத்துக்கொண்டு பாயும். இடக்கை அச்சைத் தன் பக்கமாக இழுத்து அடிக்கும். மறுபடி மிதி. வந்து பார்ப்பவர்கள் படம் எடுப்பது கைகளைத்தான். குழிக்குள் இருப்பதால் கால் படத்தில் விழாது, பெயரிலும் விழவில்லை. அந்தச் சுண்டு கயிறுகூட 1733இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்த பறக்கும் நாடாவின் வழிவந்தது. அதற்கு முன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். அகலத் துணிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு கயிறு வந்து ஓர் ஆளைக் குறைத்தது. ஆங்கிலத்தில் சொன்னால் ஒரு கையைக் குறைத்தது.

இனி என் மேசைக்கு மறுபக்கம். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வாங்கியவர்களுக்கு அதன் அடிப்பகுதி நினைவிருக்கலாம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் படிவங்களில் இன்றும் ஒரு வரி நிற்கிறது: என் கையின் கீழும் நீதிமன்றத்தின் முத்திரையோடும் இன்ன நாளில் அளிக்கப்பட்டது. இங்கே கை என்றால் கையெழுத்து. எழுத்தையே கை என்று சொல்வது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். அழகாக எழுதுகிறவருக்கு 'நல்ல கை'. நீதிமன்ற ஆவணங்களுக்கென்று ஒரு தனிக் கை இருந்தது, குமாஸ்தாக்களுக்கு ஒரு கை. அந்த வரிசையில் கடைசியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்தது 'ஷார்ட்ஹேண்ட்'.

ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையை, தட்டச்சு நிலையத்தின் பின்னறையில், மரப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் கற்றேன். பிட்மன் முறையில் ஒலிகள் இணை இணையாக வரும். ஒரே சாய்வில் ஒரே நீளத்தில் ஒரு கோடு. பென்சிலை லேசாக இழுத்தால் 'பென்' என்பதில் வரும் ப, அழுத்தி இழுத்தால் 'பஸ்' என்பதில் வரும் ப. டகரமும் அப்படியே. இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்து ஆயிரம் ஆண்டுக்குமேல் நிம்மதியாக இருந்த மொழியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்த அழுத்தம் லேசில் படியவில்லை. எங்கள் ஆசிரியர் நோட்டைத் திருப்பி, தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். மேடு தட்டினால் அழுத்தம் சரி. தட்டாவிட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும்.

சட்டத்துக்குத் திரும்புகிறேன். ரோமானியர்களிடம் 'மானுஸ்' என்பது கை மட்டுமல்ல, குடும்பத் தலைவனின் அதிகாரத்துக்கும் பெயர். பழைய வகைத் திருமணம் ஒன்றில் பெண், தந்தையின் அதிகாரத்திலிருந்து கணவனின் 'கைக்குள்' போவாள். பெண்ணின் கையைக் கேட்பது என்று ஆங்கிலத்தில் சொல்வது இன்று இனிப்பான தொடர். முழங்கால் மண்டியிட்டு மோதிரம் நீட்டும் காட்சி நினைவுக்கு வரும். அதன் பின்னால் நிற்பது கைமாற்று. மகனும் தந்தையின் பிடியில்தான். ரோமின் பழைய சட்டத் தொகுப்பான பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் ஒரு விதி: தந்தை மகனை மூன்று முறை விற்றால் மகனுக்குத் தந்தையிடமிருந்து விடுதலை. கொடுமைக்குத் தண்டனையாக வந்ததுபோல் தோன்றும் இந்த விதியைப் பிற்கால வழக்கறிஞர்கள் சாமர்த்தியமாகத் திருப்பினார்கள். மகனைச் சுதந்திரமாக்க விரும்பும் தந்தை, நம்பிக்கையான நண்பருக்கு அவனைப் பேருக்கு விற்பார். நண்பர் விடுவிப்பார். மகன் மறுபடி தந்தையின் பிடிக்குள் வந்து விழுவான். மறுபடி விற்பனை. மூன்றாம் முறை முடிந்தால் பிடி நிரந்தரமாக அறுந்தது. அந்தச் சடங்கின் பெயர்தான் 'எமான்சிபேஷன்'. கையின் பிடியிலிருந்து வெளியேற்றுவது. 1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது அதற்கு நிலைத்த பெயரில் நின்றதும் அதே ரோமானியக் கைதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'மார்ட்மெயின்'. பழைய பிரெஞ்சில் செத்த கை. இடைக்கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருப்பவர் இறந்தால் வாரிசு மேல்பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். வாரிசு சிறுவனாக இருந்தால் பிரபு காப்பாளராகி விளைச்சலை அனுபவிப்பார். வாரிசே இல்லாவிட்டால் நிலம் அவருக்கே திரும்பும். இத்தனை வரும்படியும் ஒருவர் சாவதை நம்பியிருந்தது. அந்த நிலம் திருச்சபைக்குப் போய்விட்டால்? மடம் சாகாது. மடத்துக்குச் சிறுவயதும் கிடையாது. வாரிசற்றும் போகாது. பிடித்த பிடியை விடாத அந்தக் கையைக் கண்டு பயந்துதான் முதலாம் எட்வர்ட் 1279இல் சட்டம் போட்டு, உரிய அனுமதியில்லாமல் நிலம் அந்தக் கைக்குப் போவதைத் தடுத்தார். கோயில் நிலக் குத்தகை வழக்கு ஒன்றின் தாள்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது எட்வர்டின் எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. என் கையின் கீழ், செத்த கை, மேலோங்கிய கை, கண்ணுக்குத் தெரியாத கை: அதிகாரத்தின் கை ஒருமையில் வருகிறது. எல்லாக் கைகளும், ஆலைக் கைகள், 'கைகள் தேவை': உழைப்பின் கை பன்மையில் வருகிறது. ஒருமையில் வந்தால் பிடிப்பவன். பன்மையில் வந்தால் பிடிபட்டவர்கள். அகராதியில் இரண்டும் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன, முதலாளியும் கூலியும் ஒரே குடையின்கீழ் நிற்பதுபோல. கறாரான இலக்கண விதி என்று சாதிக்க மாட்டேன். ஒற்றைப் பண்ணையாளும் 'ஹேண்ட்' தான். மாறுபட்டு நிற்கும் தொடர்களைத் தேடினால் நிறையக் கிடைக்கும். ஆனால் மாறுபடும் சிலவற்றைக் கிளறினால்கூட உள்ளே அதே சங்கதிதான் இருக்கிறது. 'சுத்தமான கைகளோடு வா' என்பது 'ஈக்விட்டி' எனப்படும் நியாயமுறைச் சட்டத்தின் முதுமொழி; நம் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் ரிட் மனுக்களில் அடிக்கடி எடுத்தாளுவது. அங்கே கைகள் பன்மை. ஏனென்றால் அவை கேட்டு வந்தவரின் கைகள். உத்தரவு போடும் கை ஒருமையில் மேலே இருக்கிறது.

இந்தச் சுத்தத்தைத் தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல். 'அவர் கை சுத்தம்' என்றால் நமக்குப் பணம் தின்னாதவர். 'கறைபடியாத கரம்' என்றால் அரசியல் மேடை. நீதிமன்றம் கேட்பது அதுவல்ல. மனுதாரர் உண்மையை ஒளிக்கவில்லையா, முக்கியமான ஒரு தாளை உருவிவிட்டு மற்றதை மட்டும் தாக்கல் செய்யவில்லையா என்பதுதான் கேள்வி. பைசா தொடாத உத்தமருக்கும் இந்த வகையில் கை அழுக்காக இருக்கலாம். அதனால் நான் கையை விட்டுவிட்டு 'உண்மையை மறைக்காமல் நீதிமன்றத்தை அணுகுதல்' என்று நீட்டி எழுதுகிறேன். அழகில்லை. வழக்கு தோற்காது.

ஒருமைக் கைக்கு உலகமறிந்த உதாரணம் 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரம், அஸ்டெக்கா மைதானம். உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் இங்கிலாந்தின் கோல்காப்பாளர் பீட்டர் ஷில்டன் எட்டிக் குத்துவதற்குள், அவரைவிடக் குள்ளமான டியேகோ மாரடோனா எகிறி இடக்கையால் பந்தைத் தள்ளிவிட்டார். துனிசிய நடுவர் கண்ணில் படவில்லை, கோல் ஆனது. கொஞ்சம் மாரடோனாவின் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்றார் மாரடோனா பின்னால். நாலே நிமிடம் கழித்து பாதி மைதானத்தைக் கடந்து, வந்தவரையெல்லாம் ஏய்த்துப் போட்ட இரண்டாவது கோலுக்குக் கடவுளைக் கூப்பிடவில்லை. அது காலால் போட்டது.

குதிரைக்காரர்கள் இந்தச் சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையின் அகலம் ஒரு 'ஹேண்ட்'; நாலு அங்குலம், அதாவது 10.16 சென்டிமீட்டர் என்று வரையறுத்துவிட்டார்கள். பூக்காரம்மாவின் முழத்துக்கு அப்படிக் கட்டுப்பாடு எதுவும் வராதது பேசப்பட வேண்டிய விஷயம். குதிரையின் உயரத்தைத் தலைவரை அளப்பதில்லை, தலை ஆடும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுவரைதான். 14.2 கைக்கு மேல் போகாதது பொதுவாகப் போனி, அதற்கு மேல் குதிரை. இந்தப் புள்ளியைத் தசமப் புள்ளி என்று நினைத்தால் குதிரை குட்டையாகிவிடும். 14.2 என்றால் பதினாலு கையும் இரண்டு அங்குலமும். மொத்தம் 58 அங்குலம். 14.3க்கு அடுத்தது 15. பதினாலு புள்ளி நாலு என்று ஒன்று கிடையவே கிடையாது.

குதிரைப் பந்தயத்தில் இன்னொரு கை ஒளிந்திருக்கிறது. 'ஹேண்டிகேப்' என்பது 'ஹேண்ட் இன் கேப்', தொப்பிக்குள் கை. பதினேழாம் நூற்றாண்டு மதுக்கடைகளில் ஆடிய பண்டமாற்று விளையாட்டு. உங்களிடம் ஒரு கடிகாரம், என்னிடம் ஒரு கத்தி. மாற்றிக்கொள்ளலாமா என்று பேச்சு. மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டையும் பார்த்து, கத்திக்காரன் கத்தியோடு கூட இவ்வளவு காசு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பந்தயப் பணம் வைத்திருப்போம். பிறகு நீங்களும் நானும் ஒரே நேரத்தில் தொப்பிக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும். கையில் காசோடு எடுத்தால் சம்மதம்; வெறுங்கை என்றால் சம்மதமில்லை. இருவரும் ஒரே முடிவாக இருந்தால், அது ஆம் என்றாலும் இல்லை என்றாலும், பந்தயப் பணம் நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்திருந்தால் பணம் அவருக்கு. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பரில் தன் நாட்குறிப்பில் இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்த்ததாகவும் நன்றாக இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்.

நடுவர் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்கிறார் அல்லவா, அந்த யோசனை அடுத்த நூற்றாண்டில் பந்தயத் திடலுக்குப் போயிற்று. நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடை கட்டி ஓடவிட்டார்கள். இந்தியப் பந்தயங்களிலும் எந்தக் குதிரைக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிக்கும் அதிகாரிக்கு ஹேண்டிகேப்பர் என்றுதான் பெயர். சுமை என்ற பொருள் முதலில், அப்புறம் தடை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்குறை. தொப்பியை ஏந்திப் பிச்சை எடுத்ததால் வந்த சொல் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது; அது பொய். வலுத்த குதிரைக்குக் கட்டிய எடையின் பெயர் மனிதர்கள்மேல் ஏறி உட்கார்ந்தது. அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டது நல்ல காரியம்.

சில்லறைகள். 'ஹேண்ட்சம்' என்பது முதலில் கைக்கு வாகானது, எளிதாகக் கையாளக்கூடியது. மூஞ்சிக்குப் பின்னால்தான் போயிற்று. கடிகாரத்தில் அவர்களுக்குக் கை, நமக்கு முள். நம்முடையது பொருத்தம், குத்தத்தான் செய்கிறது. 'ஹேண்ட்கர்ச்சீஃப்' ஒரு தனி வேடிக்கை. 'கர்ச்சீஃப்' பழைய பிரெஞ்சில் தலையை மூடும் துணி. ஆக முழுச் சொல்லும் கைத் தலைத்துணி. நாம் முன்பாதியை உதறிவிட்டுக் கர்ச்சீப் என்று மட்டும் வைத்துக்கொண்டோம். சித்திரை வெயிலில் நான்கு முனையிலும் முடிச்சுப் போட்டு உச்சந்தலையில் மாட்டிக்கொள்கிறவர், தனக்கே தெரியாமல் பிரெஞ்சுக்காரர் சொன்னபடி நடக்கிறார். பஸ் சன்னல் வழியாக அதை எறிந்து இடம் பிடிப்பது மட்டும் முழுக்க முழுக்க நம்முடைய கண்டுபிடிப்பு.

வலக்கைக்கும் இடக்கைக்கும் ஆங்கிலம் செய்த நீதி நம்முடையதற்குச் சற்றும் குறைந்ததல்ல. திறமைக்கு 'டெக்ஸ்டெரிட்டி', லத்தீனின் வலப்பக்கம்; கேடு காலத்துக்கு 'சினிஸ்டர்', லத்தீனின் இடப்பக்கம். நாம் சோற்றுக்கை என்று ஒன்றைக் கௌரவித்துவிட்டு மற்றதைப் பற்றிப் பேசாமல் இருப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஐரோப்பிய அரச குடும்பங்களில் இடக்கைத் திருமணம் என்று ஒன்றே இருந்தது. தகுதி குறைந்த குடும்பத்துப் பெண்ணை மணக்கும் இளவரசன் அவளுக்கு இடக்கையைக் கொடுப்பான். பட்டமும் சொத்தும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் போகாது. ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், சோஃபி ஷோடெக்கை மணப்பதற்காகப் பிள்ளைகளின் அரியணை உரிமையை விட்டுக்கொடுத்து உறுதிமொழி எடுத்தது 1900 ஜூன் 28. இருவரும் சரயேவோவில் சுடப்பட்டது 1914 ஜூன் 28. சவப்பெட்டிகளை வைத்தபோதுகூட அவளுடையதைத் தாழ்த்தித்தான் வைத்தார்கள்.

சென்னைப்பட்டினத்துக் கோட்டையில் உட்கார்ந்திருந்த கம்பெனி எழுத்தர்களுக்கு இந்த வல இட விவகாரம் முற்றிலும் வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றது சோழர் காலத்திலிருந்தே தொடர்ந்துவந்த வழக்கம். இதை என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் எழுத்தர்கள் 'ரைட் ஹேண்ட் காஸ்ட்', 'லெஃப்ட் ஹேண்ட் காஸ்ட்' என்று அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார்கள். என் தொழிலில் அதற்குச் சோம்பேறி மொழிபெயர்ப்பு என்று பெயர்; ஆனாலும் வேறு எது பொருந்தியிருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. கோட்டை எழுந்து பன்னிரண்டு ஆண்டுக்குள், 1652இலேயே தகராறு. வலங்கையில் கோமுட்டிகளும் பலிஜாக்களும் முன்னணி; இடங்கையில் பேரிச் செட்டிகளும் கம்மாளர்களும். யார் எந்தக் கொடி பிடிக்கலாம், யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதுதான் சண்டை.

பெரிதாக வெடித்தது 1707இல், தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது. ஊர்வலத் தகராறு முற்றி, வலங்கைக்காரர்கள் கூட்டமாகப் பட்டினத்தை விட்டுச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். துணி நெசவு, சலவை, சுமை தூக்குவது எல்லாம் படுத்துவிடும் என்ற பயத்தில் கம்பெனி இறங்கி வந்து பேச வேண்டியதாயிற்று. குண்டும் பீரங்கியும் வைத்திருந்த கைக்கு, வேலை செய்யும் கைகள் ஊரைவிட்டுப் போனபோது வேறு வழி தெரியவில்லை. முடிவில், பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பகுதி பிரித்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடிய ஆட்டப்பள்ளம் என்ற வடிகாலை, அந்த நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீஃபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் வாங்கி மேடாக்கிச் சாலை போட்டார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. அதன் நடுவில் உயர் நீதிமன்றம் இருக்கும் தென்திசை நோக்கி நின்றால் பழைய இடங்கைப் பேட்டை உங்கள் இடக்கைப் பக்கமும் வலங்கைப் பேட்டை வலக்கைப் பக்கமும் இருக்கும். வடக்கே ராயபுரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டால் கணக்கு தலைகீழ்.